அபர்டீன் முதல் பெர்கன் வரை: இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கும் நார்வேயின் பெர்கனுக்கும் இடையே வானில் எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஒரு தளம் 341 என்று சொல்லும், இன்னொன்று 548, வேறொன்று 550, மற்றொன்று 296. பறக்கும் நேரமும் அப்படித்தான்: ஒரு இடத்தில் 41 நிமிடம், இன்னொரு இடத்தில் 1 மணி 15 நிமிடம், மற்றோர் இடத்தில் 2 மணி 15 நிமிடம். இவற்றில் பெரும்பாலானவை பொய்யில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. எந்த எண் எந்தக் கேள்விக்கு உரியது என்று தெரிந்துகொண்டால் பயணத்தைத் திட்டமிடுவது எளிது. விமானம் தாமதமானால் இழப்பீடு கேட்பதும் எளிது.

லண்டன், பாரிஸ் போன்ற பெரிய நிலையங்களை விட்டுவிட்டு இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் வட்டார நிலையங்கள். நடுவில் இருப்பது வடகடல் மட்டுமே. அதனால் கணக்குச் சுத்தமாக வரும். வடகடல் எண்ணெய்த் தொழில் வளர்ந்த காலத்திலிருந்து இரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்து இருக்கிறது. காற்று, மூடுபனி, நேர வித்தியாசம், எல்லைச் சோதனை என்று ஒரு குறும்பயணத்தை நீளமாக்கக்கூடிய எல்லாமே இங்கே உண்டு. ஐரோப்பாவின் எந்த இரு சிறு நிலையங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் படி: எந்த அபர்டீன், எந்த பெர்கன்?

அற்பமாகத் தோன்றினாலும் தவறுகள் மிகுதியாக நேர்வது இங்கேதான். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்திலும் ஓர் அபர்டீன் உண்டு, அதற்கும் விமான நிலையம் உண்டு. நெதர்லாந்தில் பெர்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரத்துக்கு டச்சு மொழியில் பெயரே பெர்கன்தான். ஆகவே ஊர்ப்பெயரை நம்பாமல், டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். நாம் பேசும் அபர்டீனின் குறியீடு ஏ-பி-இசட், பெர்கனின் குறியீடு பி-ஜி-ஓ.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரம் வேறு, நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலான தூரம் வேறு. அபர்டீன் நிலையம் நகரின் வடமேற்கே டைஸ் என்ற இடத்தில் இருக்கிறது. பெர்கன் நிலையம் நகரின் தென்மேற்கே ஃபிளெஸ்லாண்டில் இருக்கிறது. நகர மையங்களை வைத்துக் கணக்கிட்ட தளத்தின் விடை சில கிலோமீட்டர் மாறத்தான் செய்யும்.

இரண்டாம் படி: அட்சரேகையும் தீர்க்கரேகையும்

ஒவ்வொரு நாடும் தன் விமான நிலையங்களைப் பற்றிய அதிகாரபூர்வத் தகவல் தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறது. நிலையத்தின் ஆதாரப் புள்ளி அதில் பாகை, நிமிடம், விநாடியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தசம பாகையாக மாற்றிக்கொள்ள வேண்டும். நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் போதும். 57 பாகை 12 நிமிடம் என்றால் 57.2. அதை 57.12 என்று எழுதிவிட்டால் அந்த ஒரே இடத்தில் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் பிழை வந்துவிடும்.

நமக்குத் தேவையான எண்கள் இவை:

அபர்டீன்: வடக்கு 57.202°, மேற்கு 2.198°
பெர்கன்: வடக்கு 60.293°, கிழக்கு 5.218°

கிரீன்விச் கோடு இவை இரண்டுக்கும் நடுவே போகிறது. அபர்டீன் அதற்கு மேற்கே இருப்பதால் அதன் தீர்க்கரேகையை எதிர்க்குறியோடு, அதாவது −2.198 என்று எழுத வேண்டும். குறியை மறந்துவிட்டால் தீர்க்கரேகை வித்தியாசம் 7.416 பாகைக்குப் பதிலாக 3.02 பாகை ஆகிவிடும். தூரமும் 385 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்சின் மேற்குப் பகுதி ஆகியவற்றிலிருந்து கிழக்கே போகும் பாதைகளில் இந்த இடத்தை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சாதாரணக் கால்குலேட்டரில் ஒரு விரைவுக் கணக்கு

வடக்கு–தெற்காக ஒரு பாகை என்பது எங்கே இருந்தாலும் ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். கிழக்கு–மேற்காக ஒரு பாகை நிலநடுக்கோட்டில் அதே அளவுதான். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை அட்சரேகையின் கொசைன் சொல்கிறது.

நம் இரு நிலையங்களின் சராசரி அட்சரேகை 58.75°. அதன் கொசைன் 0.5188. ஆகவே இங்கே கிழக்கு–மேற்காக ஒரு பாகை 57.69 கிலோமீட்டர், நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதியை விடச் சற்றே கூடுதல். இணைய வரைபடங்களில் ஸ்காண்டிநேவியா பிரம்மாண்டமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். பாகைகள் சுருங்கினாலும் வரைபடம் அவற்றை ஒரே அகலத்தில் நீட்டி வரைகிறது. 60 பாகை அட்சரேகையில் ஒரு கிலோமீட்டர், நிலநடுக்கோட்டு ஒரு கிலோமீட்டரைப் போல இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். திரையில் விரலை வைத்து அளப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வடக்கு நோக்கிய பகுதி: 60.293 − 57.202 = 3.091 பாகை. அதை 111.2ஆல் பெருக்கினால் 343.7 கி.மீ.

கிழக்கு நோக்கிய பகுதி: 7.416 பாகை. அதை 57.69ஆல் பெருக்கினால் 427.8 கி.மீ.

இனி பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 549 கி.மீ. வேலை முடிந்துவிட்டது.

பூமியைத் தட்டையாக எண்ணிப் போட்ட கணக்கு இது. இருந்தாலும் ஐந்தாறு நூறு கிலோமீட்டர் வரை இதன் பிழை மிகவும் சிறியது. ஐரோப்பிய வட்டாரப் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் அடுத்த முறைக்குப் போங்கள்.

நான்காம் படி: உருண்டையின் மேல் கணக்கு

உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு துண்டு. பூமியின் மையம் வழியாகச் செல்லும் ஒரு தளம் பூமியை வெட்டும் வட்டம்தான் பெருவட்டம். அந்தத் துண்டு மையத்தில் தாங்கும் கோணம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும்.

கோணத்தைக் கண்டுபிடிக்கும் விதி இது: இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் வருவது நாம் தேடும் கோணத்தின் கொசைன்.

நம் எண்களைப் போட்டால் முதல் பெருக்கம் 0.730110, இரண்டாவது 0.266189. கூட்டினால் 0.996299. இதற்கு உரிய கோணம் 4.931 பாகை. ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் 548.3 கி.மீ.

இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. சிறிய தூரங்களுக்கு அந்தக் கொசைன் 1-க்கு மிக அருகில் வந்து நிற்கும். அதனால் ஐந்தாவது, ஆறாவது தசம இலக்கங்களுக்குக்கூட விடையை மாற்றும் வலிமை உண்டு. இதே கணக்கில் ஒவ்வொரு எண்ணையும் நான்கு இலக்கத்துக்குச் சுருக்கிக்கொண்டால் விடை 544 கி.மீ. என்று வரும். தட்டையான பூமியை எண்ணிப் போட்ட விரைவுக் கணக்கை விட மோசம்! அதனால்தான் மாலுமிகளும் மென்பொருள் எழுதுபவர்களும் ஹாவர்சைன் என்ற வேறு வடிவத்தை விரும்புகிறார்கள். அது அரைக்கோணங்களின் சைன் வர்க்கங்களை வைத்துக் கணக்கிடுவதால் சிறு தூரங்களிலும் துல்லியம் கெடாது. கணினி விரிதாளில் எல்லா இலக்கங்களையும் அப்படியே விட்டுவிட்டால் இரண்டு முறையும் ஒரே விடையைத் தரும். காகிதத்தில் போடுபவர்கள் ஆறு இலக்கத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பூமி சரியான உருண்டையும் இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அந்த நீள்வட்ட வடிவத்தைக் கணக்கில் சேர்க்கும் தளங்கள் இதே பாதைக்கு ஏறத்தாழ 550 கி.மீ. என்று காட்டும். 548, 549, 550 ஆகிய மூன்றும் மூன்று வகைப் பூமிகளின் விடைகள், அவ்வளவுதான்.

பிறகு அலகு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. நம் கோணத்தை 60ஆல் பெருக்கினாலே கடல் மைல் கிடைத்துவிடும்: 4.931 × 60 = 296. கடல் மைல் பூமியின் ஒரு நிமிடக் கோணத்தை வைத்தே பிறந்தது என்பதால் இந்தக் குறுக்குவழி வேலை செய்கிறது. விமானிகளின் ஆவணங்களில் 296 என்று இருக்கும், பிரிட்டிஷ் பயணத் தளங்களில் 341 என்று இருக்கும். அது தரை மைல். தொடக்கத்தில் பார்த்த தூர எண்கள் எல்லாவற்றுக்கும் இப்போது கணக்குச் சரியாகிவிட்டது.

திசையையும் தெரிந்துகொள்வது நல்லது, காற்றைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். அபர்டீனில் இந்தப் பாதை வடக்கிலிருந்து வலப்பக்கமாக 48 பாகையில் தொடங்கும், அதாவது ஏறக்குறைய நேர் வடகிழக்கு. பெர்கனை அடையும்போது அது 54 பாகையாக மாறியிருக்கும். விமானம் நேராகத்தான் போகிறது. தீர்க்கரேகைகள் வடதுருவத்தை நோக்கிக் குவிவதால் திசைக்கோணம் மாறுகிறது. அட்லாண்டிக்கைக் கடக்கும் பாதைகளில் இந்த வளைவு நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை மிச்சப்படுத்தும். இங்கே அதன் மிச்சம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

ஐந்தாம் படி: விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

விமானம் ஓடுபாதையின் திசையில்தான் எழ வேண்டும், ஓடுபாதையின் திசையில்தான் இறங்க வேண்டும். அபர்டீனின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய வடக்கு–தெற்காகக் கிடக்கிறது. அதன் பெயர் 16/34, அதாவது காந்தத் திசைமானி காட்டும் 160 பாகையும் 340 பாகையும். பெர்கனின் ஓடுபாதை 17/35. இரண்டும் கிட்டத்தட்ட இணையானவை, நம் பாதையோ வடகிழக்கு நோக்கியது. ஆகவே இரு முனைகளிலும் விமானம் திரும்பியே ஆக வேண்டும்.

தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் அபர்டீனிலிருந்து தெற்கு நோக்கி எழும் விமானம் இடப்பக்கமாக நூறு பாகைக்கு மேல் திரும்பிய பிறகே பெர்கனை நோக்கும். அதே காற்றில் பெர்கனில் இறங்கவும் தெற்கு நோக்கித்தான் வர வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் விமானம் நிலையத்தைத் தாண்டி வடக்கே போய்த் திரும்பி இறங்கும். வடக்குக் காற்று நாளில் இரண்டுமே எளிது. ஒரே பாதையில் ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் முப்பது நாற்பது கிலோமீட்டர் வித்தியாசம் வர இதுவே போதும்.

இதோடு வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் சொல்லும் விலகல்களையும் சேர்த்து, நேர்த்தூரத்தோடு 5 சதவீதம் கூட்டிக்கொள்வது நான் பின்பற்றும் வழக்கம். நெரிசலான மத்திய ஐரோப்பாவில் 7 அல்லது 8 கூட்டலாம். வடகடலுக்கு 5 போதும். 548.3-ஐ 1.05ஆல் பெருக்கினால் 576 கி.மீ. நேரக் கணக்குக்கு இனி இந்த எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆறாம் படி: நேரம்

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான தளங்கள் அரைகுறையாகச் செய்கின்றன. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து 41 நிமிடம் என்று எழுதிவிடுகின்றன. அந்த வேகம் ஜெட் விமானத்துக்கு உரியது, அதுவும் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மட்டும். வடகடலின் குறும்பாதைகளில் பெரும்பாலும் டர்போபிராப் விமானங்களே, அதாவது சுழலும் விசிறியால் இயங்கும் விமானங்களே, பறந்து வந்திருக்கின்றன. 1934-இல் தொடங்கப்பட்ட விடெரோ என்ற நார்வே நிறுவனத்தின் விமானங்களில் பெரும்பாலானவை டாஷ் 8 வகை. அதில் பெரிய வடிவமான கியூ400-இன் உச்சப் பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 667 கி.மீ. ஏடிஆர் 72 என்றால் சுமார் 510. எம்பிரேயர் 190-இ2 போன்ற ஜெட் என்றால் 800-க்கு மேல்.

எனவே முதலில் விமான வகையைப் பாருங்கள். டிக்கெட் வாங்கும் பக்கத்தில் விமான எண்ணுக்கு அருகிலேயே அது எழுதப்பட்டிருக்கும். பிறகு மூன்று துண்டுகளைத் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

கியூ400-ஐ எடுத்துக்கொள்வோம். சராசரியாக மணிக்கு 650 கி.மீ. என்று வைத்தால் 576 கி.மீ. கடக்க 53 நிமிடம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் அவ்வளவு இருக்காது. அந்த இழப்புக்கு 10 நிமிடம். வாயிலிலிருந்து ஓடுபாதைக்கும், இறங்கிய பின் ஓடுபாதையிலிருந்து வாயிலுக்கும் தரையில் ஊர்ந்து செல்ல இரு நிலையங்களிலும் சேர்த்து 12 நிமிடம். மொத்தம் 75 நிமிடம்.

வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுவாயிலில் நிற்கும் வரையிலான இந்த நேரத்தைத்தான் விமானத் துறையினர் பிளாக் நேரம் என்கிறார்கள். கால அட்டவணையில் அச்சிடப்படுவதும் இதுதான். வானில் இருக்கும் நேரம் மட்டும் என்றால் 63 நிமிடம். விமானங்களின் நகர்வை நேரலையாகக் காட்டும் தளங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சிறிய எண். இரண்டையும் ஒப்பிட்டு "விமானம் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது" என்று மகிழ வேண்டியதில்லை.

இதே கணக்கில் ஏடிஆர் 72-க்குச் சராசரி மணிக்கு 500 கி.மீ. என்று வைத்தால் 69 + 10 + 12, ஆக 91 நிமிடம். எம்பிரேயர் ஜெட்டுக்கு 820 என்று வைத்தால் 42 + 15 + 12, ஆக 69 நிமிடம். ஜெட்டுக்கு ஏறி இறங்கும் இழப்பு கூடுதல், ஏனென்றால் அது அடைய வேண்டிய உயரமும் வேகமும் அதிகம். கியூ400-ஐ விட மணிக்கு 170 கி.மீ. வேகமாகப் பறந்தும் ஜெட் மிச்சப்படுத்துவது ஆறே நிமிடம்! குறுகிய பாதைகளில் டர்போபிராப் இன்னும் வாழ்வது இதனால்தான். சுழலும் விசிறியைப் பார்த்துப் பழைய விமானம் என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே லோகன்ஏர் நடத்தும் விமானச் சேவை இதன் எல்லைக்கோடு. தூரம் 2.7 கி.மீ. அட்டவணையில் 2 நிமிடம். உலகின் மிகக் குறுகிய கால அட்டவணைப் பறத்தல் அதுதான், 53 விநாடியில் கடந்த சாதனையும் உண்டு. அங்கே சீராகப் பறக்கும் கட்டம் என்று ஒன்று கிடையாது, ஏறுவதும் இறங்குவதும்தான் பயணம் முழுவதும்.

காற்றின் பங்கு

வடகடலின் மேல் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசும். பெர்கனுக்குப் போகையில் அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பி வருகையில் முகத்தில் அறையும். மணிக்கு 60 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம், இந்தப் பகுதியின் உயரங்களில் அது பலத்த காற்றே இல்லை. போகையில் தரையோடு ஒப்பிட்ட வேகம் 710, அதாவது 49 நிமிடம். வருகையில் 590, அதாவது 59 நிமிடம். ஒரே கடல், ஒரே விமானம், பத்து நிமிட வித்தியாசம்.

போகையில் கிடைத்த இலாபமும் வருகையில் வந்த நட்டமும் சமமாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. காற்றில்லாத நாளில் போய்வர 106 நிமிடம், இந்தக் காற்றில் 107. எதிர்க்காற்றில் விமானம் செலவிடும் நேரம் அதிகம் என்பதால் அந்தக் காற்று கூடுதல் நேரம் வேலை செய்கிறது. காற்று பலக்கப் பலக்க இந்த இழப்பும் வளரும்.

குளிர்கால மாதங்களில் மேற்குக் காற்று வலுக்கும். அதனால் அட்டவணையில் போவதற்கு ஒரு நேரமும் வருவதற்குச் சற்றுக் கூடுதல் நேரமும் இருந்தால் அது அச்சுப்பிழை இல்லை.

காற்றை விட அதிகமாக நாளைக் கெடுக்கக்கூடியது மூடுபனி. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வசந்தத்திலும் கோடையிலும் கடலிலிருந்து உருண்டு வரும் குளிர்ந்த பனித்திரையை உள்ளூர்க்காரர்கள் ஹார் என்கிறார்கள். வெப்பமான காற்று குளிர்ந்த வடகடலின் மேல் நகரும்போது அது உருவாகிறது. உள்நாட்டில் சில கிலோமீட்டர் தள்ளி வெயில் காய, கரையோரம் ஒன்றுமே தெரியாமல் போகும். கோடையில் போகிறோம், வானிலைத் தொல்லை இருக்காது என்று எண்ணித் திரும்பும் நாளில் இன்னொரு விமானத்தையோ ரயிலையோ நெருக்கமாகப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். பெர்கனோ ஐரோப்பாவின் மழை மிகுந்த நகரங்களில் ஒன்று. அங்கே மழை இயல்பு நிலை, விமானங்கள் அதற்குப் பழகியவை.

ஏழாம் படி: கடிகாரம்

நார்வே பிரிட்டனை விட ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரு நாடுகளும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த வித்தியாசம் மாறுவதே இல்லை.

அபர்டீனில் காலை 10.00-க்குக் கிளம்பும் விமானம் பெர்கனில் 12.15-க்குச் சேரும் என்று அட்டவணையில் இருந்தால் பயண நேரம் 1 மணி 15 நிமிடம். திரும்பும் விமானம் 13.00-க்குக் கிளம்பி 13.15-க்குச் சேர்வதாகக் காட்டும். தொடக்கத்தில் சொன்ன 2 மணி 15 நிமிடம் என்ற எண் இப்படிப் பிறந்ததுதான்: இரு உள்ளூர் நேரங்களையும் அப்படியே கழித்த தளம் அது. விடை நம்ப முடியாததாக இருந்தால் முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

விமானக் கால அட்டவணைகளின் கோடைப் பருவமும் குளிர்ப் பருவமும் அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மாறுகின்றன. கோடையில் ஓடும் நேரடி விமானம் நவம்பரில் இல்லாமல் போகலாம், வாரத்தில் ஓடும் நாட்களும் மாறலாம். ஆகவே பயணத் தேதியை வைத்தே தேடுங்கள், பாதையின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்.

எட்டாம் படி: வீட்டு வாசலிலிருந்து கணக்கு

பறக்கும் நேரம் 75 நிமிடம் என்றால் பயணம் எவ்வளவு? அபர்டீன் நகரிலிருந்து டைஸுக்குப் பேருந்தில் அரை மணி நேரம். டைஸில் ரயில் நிலையம் உண்டு என்றாலும் அது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வரைபடத்தில் அருகில் தெரிவதைப் பார்த்து நடந்துவிடலாம் என்று இறங்காதீர்கள். விமான நிலையத்தில் காத்திருப்பு 90 நிமிடம். பறத்தல் 75.

அடுத்து எல்லை. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் 2001 முதல் இருக்கிறது. பிரிட்டன் அதில் இல்லை. ஆகவே இந்தச் சிறு பயணம் ஷெங்கனின் வெளி எல்லையைக் கடக்கும் பயணம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய நுழைவுப் பதிவு முறையில், ஐரோப்பிய ஒன்றிய, ஷெங்கன் நாடுகளின் குடிமக்கள் அல்லாத குறுகிய காலப் பயணிகளின் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யப்படுகின்றன. முதல் முறை போகிறவர்களுக்கு வரிசை நீளலாம், 30 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டன் விசா நார்வேயில் செல்லாது. ஷெங்கன் விசா தனியாக வேண்டும், திரும்பி வர பிரிட்டன் விசாவும் உயிரோடு இருக்க வேண்டும்.

பெர்கனில் இறங்கினால் நல்ல செய்தி. 2017 முதல் பீபானன் என்ற இலகு ரயில் நிலையத்தின் வாசல் வரை வருகிறது. நகர மையத்துக்குச் சுமார் 45 நிமிடம்.

மொத்தம் 270 நிமிடம், நான்கரை மணி நேரம். அதில் வானில் இருந்தது ஒரு மணி நேரம். 549 கி.மீ.-ஐ நான்கரை மணியால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 122 கி.மீ. நல்ல நெடுஞ்சாலையில் கார் போகும் வேகம் இது. ஆனாலும் இந்தப் பாதையில் காருக்கு வழியில்லை. நியூகாசிலிலிருந்து பெர்கனுக்கு ஓடிய பயணிகள் கப்பல் 2008-இல் நிறுத்தப்பட்டது. சாலை வழியே போக வேண்டுமானால் இங்கிலாந்தின் தென்கோடி வரை இறங்கி, கால்வாயைக் கடந்து, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் என்று சுற்றி, டென்மார்க்கின் வடமுனையிலிருந்து கப்பல் ஏற வேண்டும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஷெட்லாண்டு தீவுகளின் தலைநகரான லெர்விக்கிலிருந்து பார்த்தால் அபர்டீனும் பெர்கனும் ஏறக்குறைய ஒரே தொலைவு. இரு கரைகளும் நூற்றாண்டுகளாக அண்டை வீடுகளாக இருந்தவை. அவற்றுக்கு நடுவே இன்று ஒரு பயணிகள் கப்பல்கூட இல்லாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நேரடி விமானம் இல்லாத நாளில் பலரும் ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போவார்கள். அதே மூன்றாம் படிக் கணக்கைப் போட்டால் அபர்டீன்–ஆம்ஸ்டர்டாம் 704 கி.மீ., ஆம்ஸ்டர்டாம்–பெர்கன் 888 கி.மீ., கூட்டினால் 1,592. நேர்த்தூரத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வட்டார நிலையங்களுக்கு இடையே போகும்போது, பயணத் தளம் காட்டும் மலிவான இணைப்பு எவ்வளவு சுற்று என்பதை இப்படி ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

தூரம் பணமாகும் இடம்

பயணியின் உரிமைகள் பற்றிய ஐரோப்பிய ஒழுங்குமுறை 261/2004, இழப்பீட்டைத் தூரத்தை வைத்தே தீர்மானிக்கிறது. தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று அதன் ஏழாம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. அதற்கு மேல் 400, நீண்ட தூரத்துக்கு 600. பிரிட்டன் தன் சட்டத்தில் இதையே 220, 350, 520 பவுண்டாக வைத்திருக்கிறது. சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால், அதற்குக் காரணம் விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தால், இந்தத் தொகையைக் கேட்கலாம். ஹார் மூடியதால் வந்த தாமதத்துக்கு இழப்பீட்டுத் தொகை கிடைக்காது, ஆனால் காத்திருக்கும்போது உணவும் தேவைப்பட்டால் தங்குமிடமும் தர வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு.

ஒரே முன்பதிவில் பெர்கனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக அபர்டீனுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறந்தது 1,592 கி.மீ., 1,500-ஐத் தாண்டிவிட்டது. 400 யூரோ கேட்கலாமா? கேட்க முடியாது. 2017 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்ற பயணிகளின் வழக்கு அது. பறந்த தூரம் 1,656 கி.மீ., ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் நேர்த்தூரம் 1,326 கி.மீ. முதல் புறப்பாட்டுக்கும் இறுதிச் சேர்விடத்துக்கும் இடையிலான பெருவட்டத் தூரமே செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே ஆம்ஸ்டர்டாம் சுற்றுக்கும் சட்டப்படித் தூரம் அதே 548 கி.மீ. தான், தொகை 250 யூரோ தான். விண்ணப்பம் அனுப்பும் முன் நேர்த்தூரத்தை நீங்களே கணக்கிட்டு அதில் எழுதிவிடுங்கள். வீண் கடிதப் போக்குவரத்து குறையும்.

பிரிட்டன் விதிக்கும் விமானப் பயணி வரியோ இன்னொரு தூரத்தைப் பார்க்கிறது. லண்டனிலிருந்து சேரும் நாட்டின் தலைநகர் வரை உள்ள தூரத்தை வைத்தே வரிப் படிநிலை அமைகிறது. அபர்டீனிலிருந்து பெர்கன் போகிறவருக்கும் லண்டன்–ஆஸ்லோ தூரமே கணக்கு.

விமானம் வெளியிடும் கரியமில வாயுவின் கணக்கிலும் தூரம் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. பிரிட்டன் அரசின் கணக்கு முறை பெருவட்டத் தூரத்தோடு 8 சதவீதம் கூட்டிக்கொள்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முறை 550 கி.மீ.-க்குக் குறைந்த பாதைக்கு 50 கி.மீ.-ஐயும், 550 முதல் 5,500 வரை 100 கி.மீ.-ஐயும் கூட்டுகிறது. நம் பாதை அந்த 550-இன் விளிம்பிலேயே நிற்கிறது. உருண்டைப் பூமியா, நீள்வட்டப் பூமியா என்ற இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

நீங்களே செய்து பார்க்க

அதே கடலின் இன்னொரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள்: அபர்டீனிலிருந்து ஸ்டவாங்கர். ஸ்டவாங்கரின் சோலா விமான நிலையம் வடக்கு 58.877°, கிழக்கு 5.638°. சராசரி அட்சரேகை 58.04°, அதன் கொசைன் 0.5293. மூன்றாம் படியின்படி வடக்கு நோக்கி 186 கி.மீ., கிழக்கு நோக்கி 461 கி.மீ. வர வேண்டும். நேர்த்தூரம் 497 கி.மீ. ஐந்து சதவீதம் கூட்டினால் 522. கியூ400-இல் 48 நிமிடம், அதோடு 10, அதோடு 12, ஆக 70 நிமிடம். அட்டவணையில் அபர்டீன் நேரம் 10.00 என்று இருந்தால் ஸ்டவாங்கர் நேரம் 12.10 என்பதை ஒட்டி இருக்கும். பாதை பெர்கனை விடக் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், நேர் மேற்குக் காற்று வீசும் நாளில் இங்கே உதவி இன்னும் கூடுதலாகக் கிடைக்கும்.